மலேசியா கிள்ளான்ல இருந்து சென்னைக்கு வர்ற தங்கச்சிக்கு

தங்கச்சி, வீட்டுக்காரர் வேலை விஷயமா குடும்பத்தோட சென்னைக்கு வர்றோம், ஒன்பது வயசு பையனும் ஆறு வயசு பொண்ணும் வெயில தாங்குவாங்களா, தமிழ்ப்பள்ளில படிச்ச தமிழ் போதுமா, ஸ்கூல் எப்படி, ரோட்ல பாக்குற ஏழ்மைய பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. நானும் மலேசியாதான், ஈப்போக்காரி, கட்டிக்கிட்டு இங்க வந்து ரெண்டு பிள்ளைங்கள வளர்த்தவ, தெரிஞ்சத சொல்றேன்.

நம்ம ஊர் சூடு சாயங்காலம் ஒரு மழை கொட்டுனா அடங்கிடும், இங்க மே மாசம் கத்திரி வெயில்ல 40 டிகிரி தாண்டும், மழை எட்டிக்கூட பாக்காது, முடிஞ்சா அந்த மாசம் வந்து இறங்காதீங்க. ஆனா வெயிலவிட அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற மழையதான் யோசிக்கணும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு பாத்தீங்கன்னா 2015லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு தெருமுனைல இஸ்திரி போடுறவர்கிட்ட கேளுங்க, ஹவுஸ் ஓனர் சொல்றத மட்டும் நம்பாதீங்க. குடிக்கிறதுக்கு கேன் தண்ணிதான்.

தமிழுக்கு கவலையே வேணாம். உங்க பிள்ளைங்க எழுத்துக்கூட்டாம படிப்பாங்க, இங்க பெரிய இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல அது எல்லாருக்கும் வராது. மலாய் வார்த்தை நடுவுல விழுந்தா கிளாஸ்ல பசங்க சிரிப்பாங்க, கொஞ்ச நாள்தான். தமிழ பாடமா படிக்கணும்னு 2006லயே இங்க சட்டம் போட்டுட்டாங்க, அதனால விட்டும் போகாது.

ஸ்கூலும் ஏழ்மையும் வேற வேற கேள்வின்னு நினைச்சுதான் நானும் வந்தேன், இங்க அது ஒண்ணுதான் தங்கச்சி. நம்ம தாமான்ல, அதாவது குடியிருப்புல, லோரி ஓட்டுறவர் பிள்ளையும் கிளார்க் பிள்ளையும் ஒரே தமிழ்ப்பள்ளி. இங்க காசு இருக்கிறவங்க சிபிஎஸ்இ, இல்லாதவங்க கார்ப்பரேஷன் ஸ்கூல், ஒரே தெருவுல இருந்தாலும் ரெண்டு பக்கத்து பிள்ளைங்களும் சேர்ந்து உக்காரவே மாட்டாங்க. தனியார் ஸ்கூல்ல கால்வாசி இடம் ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, ஆனா என் பிள்ளைங்க கிளாஸ்ல அப்படி வந்தவங்க ஒண்ணு ரெண்டு பேர்தான். எங்க வீட்டுல வேலை செய்ற அக்கா விடியக்காலையே கிளம்பி நாலு வீடு பாக்குறாங்க, அவங்க பொண்ணுக்கு காலைல சோறாக்கிக் குடுக்க நேரமே இருக்காது, 2022ல அரசு தொடக்கப்பள்ளில காலை உணவு ஆரம்பிச்சப்புறம் அந்தப் பிள்ளை பொங்கலோ உப்புமாவோ ஸ்கூல்லயே சாப்பிடுது, அந்த அக்காவுக்கு பாதி பாரம் குறைஞ்சுடுச்சு. மதிய சாப்பாடு எம்ஜிஆர் 1982ல பெருசாக்கினதுல இருந்தே இருக்கு.

அதனால சிக்னல்ல கை நீட்டுற பிள்ளைய பாத்து உங்க பொண்ணு கேட்டா பேச்ச மாத்தாதீங்க, கண்ணாடிய ஏத்தாதீங்க, அந்தப் பிள்ளையும் இப்ப ஸ்கூல்ல இருந்திருக்கணும்னு நேரா சொல்லுங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு தனி டம்ளர் வைக்கிற பழக்கம் இங்க நிறைய வீட்டுல இன்னும் இருக்கு, எனக்கு அத பாத்தாலே வயிறு எரியும், யாரு என்ன சொன்னாலும் உங்க வீட்டுக்குள்ள அத விடாதீங்க. உடம்புக்கு முடியாம லீவு போட்டா சம்பளத்துல பிடிக்காதீங்க, தீபாவளிக்கு ஒரு மாச சம்பளம் போனஸா குடுங்க.

அங்க ஸ்கூல்ல சிஜில் பெர்ஹெந்தி, அதான் ஸ்கூல விட்டு விலகுற சான்றிதழ், வாங்காம கிளம்பிடாதீங்க, இங்க அத டிசின்னு கேப்பாங்க. சிபிஎஸ்இ பெரும்பாலும் ஏப்ரல்லயே ஆரம்பிச்சிடும், ஸ்டேட் போர்டு ஜூன்ல. எந்த ஏரியான்னு முடிவானதும் எழுதுங்க, தாம்பரம் பக்கம்னா நானே போய் ரெண்டு மூணு ஸ்கூல்ல விசாரிச்சு சொல்றேன்.