கிட்டப் போனால் மங்குகிறதே! கைபேசி கேமரா கேள்வி-பதில்

கம்மல், தென்னை ஓலை, எறும்பு, பழைய காசு. இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பொருள்தான் மாறுகிறது, புகார் ஒன்றே. போனைக் கிட்டக் கொண்டுபோனால் படம் மங்குகிறது. போன் பழுது என்று நினைத்துக் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் பலர் அலைந்திருக்கிறீர்கள். அந்த அலைச்சல் பெரும்பாலும் தேவையே இல்லாதது. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கவரிங் நகைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு விற்கிறேன். பழைய போனில் கம்மலைக் கிட்ட வைத்து எடுத்தால் கல் கல்லாகத் தெரியும். இப்போது 50 மெகாபிக்சல் போன் வாங்கினேன், அதே தூரத்தில் வெறும் மங்கல். கடைக்காரர் பழுதே இல்லை என்கிறார். நம்பலாமா சார்? (மதுரை வாசகி)

நம்பலாம் அம்மா. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிக் கிட்ட வரும் பொருளை அதனால் தெளிவாகக் காட்ட முடியாது. வெள்ளெழுத்து வந்தவர்கள் பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பார்கள் இல்லையா, உங்கள் புது போனின் முதன்மைக் கேமராவும் அப்படித்தான்.

பழைய போனில் எப்படி வந்தது? அதன் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) சின்னது. சென்சார் சின்னதாக இருந்தால் லென்ஸின் குவியத் தூரமும், அதாவது தூரத்துப் பொருளின் ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரமும், குறைவு. 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. தள்ளி இருக்கும் கம்மலுக்கு ஃபோகஸ் செய்ய அந்த லென்ஸ் 0.17 மி.மீ. முன்னால் நகர்ந்தால் போதும். பெரிய சென்சார் வைத்த போனில் குவியத் தூரம் 7 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். அதே கம்மலுக்கு இப்போது லென்ஸ் அரை மி.மீ. நகர வேண்டும், ஏறக்குறைய மூன்று மடங்கு. லென்ஸை நகர்த்துவது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த ஒரு பொடி மோட்டார். போன் மெலிதாக இருக்க வேண்டும் என்பதால் அதற்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. 0.2 மி.மீ. மட்டுமே நகர முடிந்தால், இந்தப் பெரிய லென்ஸுக்கு 24 செ.மீ.க்கு உள்ளே வரும் எதுவும் தெளியாது.

விலை கூடிய போன்களிலும் இதே கதைதான். ஐபோன் 13 ப்ரோவின் முதன்மைக் கேமராவுக்கு 15 செ.மீ. தூரம் போதும். 14 ப்ரோவில் அது 20 ஆனது, 15 ப்ரோவில் 24. 2020இல் சாம்சங் எஸ்20 அல்ட்ரா 108 மெகாபிக்சல் பெரிய சென்சாரோடு வந்தபோது ஃபோகஸ் தடுமாறுகிறது என்று எல்லாப் பக்கமிருந்தும் புகார் கிளம்பியது. அடுத்த ஆண்டு எஸ்21 அல்ட்ராவில் லேசர் ஃபோகஸ் சேர்த்தார்கள். பெரிய சென்சாரால் இருட்டில் படம் நன்றாக வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு அது வேண்டும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை இந்த இடைவெளி. பெட்டியில் 50 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், எத்தனை செ.மீ.க்குக் கிட்ட வரலாம் என்பதையும் ஒரு வரி போட்டால் உங்களைப் போன்றவர்கள் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

சரி, கம்மலுக்கு என்ன செய்வது? பின்னால் வாருங்கள். போனை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, திரையில் 2x (இரண்டு மடங்கு பெரிதாக்கல்) தொடுங்கள். 15 செ.மீ.யில் 1x வைத்தால் கம்மல் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, இதிலும் அவ்வளவு தெரியும். 50 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்தாலே 12 மெகாபிக்சல் படம் கிடைக்கும், வாட்ஸ்அப்புக்கு அது தாராளம். தள்ளி நிற்பதால் இன்னும் இரண்டு லாபம் உண்டு. போனின் நிழல் நகைமேல் விழாது. ஜிமிக்கியின் உருவமும் கோணாது.

உங்கள் போனின் எல்லையைத் தெரிந்துகொள்ள ஒரு செய்தித்தாளும் அடிஸ்கேலும் போதும். தாளைச் சுவரில் ஒட்டி, 1x வைத்து, 40 செ.மீ.யிலிருந்து மெல்ல முன்னேறுங்கள். எழுத்து எந்த இடத்தில் மங்கத் தொடங்குகிறதோ அதுதான் எல்லை. அந்தத் தூரத்தைக் கை பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஒன்று கவனியுங்கள், நெருங்கும்போது சில போன்கள் தாமாக வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். அதைப் பற்றிக் கீழே ஒரு கேள்வி வந்திருக்கிறது.

தென்னை ஓலையில் வெள்ளை ஈ. படம் அனுப்பச் சொல்கிறார்கள். என் போனில் கிட்டத்துப் பொருளை எடுக்கத் தனியாக மேக்ரோ கேமரா இருக்கிறது, ஆனால் அதில் எடுத்தால் சேறு பூசின மாதிரி வருகிறது. (பொள்ளாச்சி விவசாயி)

அந்த மேக்ரோ கேமராவை மறந்துவிடுங்கள். குறைந்த விலைப் போன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோவுக்கு ஃபோகஸ் மோட்டாரே கிடையாது. 4 செ.மீ.க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தூரத்தில் நிலையாகப் பொருத்தியிருப்பார்கள். ஒரு விரல்கடை முன்னே பின்னே போனாலும் மங்கல். சென்சார் மிகச் சின்னது என்பதால் தோப்பு நிழலில் படம் குழம்பிவிடும். கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் இது உதவுகிறது. பயிரைக் காப்பாற்ற நினைக்கும் ஒருவர் இதை நம்பி ஏமாறுவது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது.

முதன்மைக் கேமராவில் 2x வைத்து எடுங்கள். ஓலையை மரத்தில் வைத்தே அண்ணாந்து எடுக்க வேண்டாம். பின்னால் வானம் வெளிச்சமாக இருப்பதால் ஓலை கறுத்துப்போகும், காற்றில் ஆடவும் ஆடும். ஓலைக்கீற்று ஒன்றை மெதுவாக வெட்டி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி நிழலில் ஒரு கறுப்புத் துணிமேல் விரியுங்கள். ஈ பறந்தாலும் அது இட்ட முட்டைகள் சுருள் சுருளாக, வெள்ளைப் பூச்சோடு ஓலையில் அப்படியே இருக்கும். 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை அடையாளம் காண அந்தச் சுருள் முக்கியம். அது தெளிவாக விழுந்தால் போதும்.

பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், பூச்சியின் அளவு தெரியும். முழு ஓலை ஒன்று, கிட்டத்தில் ஒன்று என இரண்டு படம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.

ஐபோனில் பூவுக்குக் கிட்டப் போகும்போது திடீரென்று படம் ஒரு குலுக்குக் குலுக்கி மாறுகிறது. கேமரா ஆடிவிட்டதா? (சென்னை வாசகர்)

ஆடவில்லை, லென்ஸ் மாறுகிறது. முதன்மைக் கேமராவால் முடியாத தூரத்துக்குள் பூ வந்ததும் போன் தானாக அல்ட்ராவைடுக்கு, அதாவது அகலமான காட்சியை எடுக்கும் இன்னொரு கேமராவுக்கு, தாவுகிறது. 2021இல் ஐபோன் 13 ப்ரோவில் வந்த வசதி இது. அந்த அல்ட்ராவைடு 2 செ.மீ. வரை கிட்டப் போகும். திரையில் சின்னப் பூ அடையாளம் தெரிந்தால் மேக்ரோவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் தொட்டால் முதன்மைக் கேமராவுக்கே திரும்பலாம். பூ அடையாளம் தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் கேமராவுக்குள் போய் மேக்ரோ கன்ட்ரோலை இயக்குங்கள்.

சாம்சங்கின் எஸ் அல்ட்ரா போன்களில் ஃபோகஸ் என்ஹான்சர் என்ற பெயரிலும், கூகுளின் பிக்சல் 7 ப்ரோ முதல் மேக்ரோ ஃபோகஸ் என்ற பெயரிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

நல்ல வெளிச்சத்தில் மேக்ரோவை அப்படியே விடுங்கள், பூவின் மகரந்தம் வரை வரும். வீட்டுக்குள், சாயங்கால வெளிச்சத்தில், அதை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று 2x எடுப்பது நல்லது. அல்ட்ராவைடின் சென்சார் சின்னது, இருட்டைத் தாங்காது. வீடியோ எடுக்கும்போதும் அணைத்துவிடுங்கள். நடுவில் லென்ஸ் மாறினால் காட்சி துள்ளும், பிறகு எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய முடியாது.

சின்ன கியூஆர் கோடு ஸ்கேன் ஆகவே மாட்டேன் என்கிறது. பின்னால் ஆள் நிற்கிறார்கள், அவமானமாக இருக்கிறது. (ஈரோடு)

போனை ஒரு முழம் பின்னால் இழுத்து, திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்குங்கள். அதற்கு முன் லென்ஸை வேட்டி முனையிலோ சட்டைத் துணியிலோ ஒரு துடை. விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எல்லாமே பனிமூட்டம்தான்.

உணவு டெலிவரி வேலை. போனை பைக் ஹேண்டிலில் மாட்டித்தான் ஓட்டுகிறேன். சில மாதங்களாகத் தூரமோ கிட்டமோ எதுவும் ஃபோகஸ் ஆவதில்லை, படம் நடுங்குகிறது. இதற்கும் பின்னால் வந்தால் போதுமா அண்ணா? (திருச்சி)

போதாது தம்பி. மற்றவர்களுடையது தூரப் பிரச்சினை, உங்களுடையது உண்மையான பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். தூரத்தில் இருக்கும் கட்டடமும் தெளியவில்லை என்பதுதான் அதற்கு அடையாளம்.

ஆட்டம் தடுக்கும் அமைப்பு உள்ள கேமராக்களில் லென்ஸ் ஒருவகையில் மிதந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ள காந்தங்கள்தான் அதைப் பிடித்து நகர்த்துகின்றன. எஞ்சினின் அதிர்வு ஹேண்டில் வழியாக நாள் முழுக்க ஏறிக்கொண்டிருந்தால் அந்த அமைப்பு கெட்டுப்போகும். ஆப்பிள் நிறுவனமே 2021இல் இதைப் பற்றி எச்சரித்தது. சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள்களில் போனை நேராகப் பொருத்த வேண்டாம், ஸ்கூட்டர், மொபெட் போன்றவற்றில்கூட அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. இந்த ஆபத்து ஐபோனுக்கு மட்டுமானதில்லை, இதே மாதிரி கேமரா உள்ள எந்த போனுக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். போன் உறையில் காந்தம் இருக்கிறதா? காந்தப் பூட்டு வைத்த உறை, காந்த ஸ்டாண்டுக்காகப் பின்னால் ஒட்டிய இரும்புத் தகடு, இவையும் லென்ஸை இழுத்து நிலை தப்பச் செய்யும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு படம் எடுங்கள். சரியானால் உறைதான் குற்றவாளி. சரியாகாவிட்டால் கேமரா பாகத்தை முழுசாக மாற்ற வேண்டியிருக்கும், உள்ளே தனியாகப் பழுது பார்க்க முடியாது. மாற்றிய கையோடு ரப்பர் தாங்கி வைத்த மவுண்ட் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கேமராவுக்கும் அதே கதி. உங்கள் பிழைப்பே அந்த போனில்தான் இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். போனை ஆட்டும்போது லேசாகக் கடகடவென்று சத்தம் வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், கேமரா அணைந்திருக்கும்போது அந்தச் சத்தம் இயல்பு.

பழைய காசுகள் சேர்க்கிறேன். ராஜராஜன் செப்புக்காசை எடுத்தால் ஒரு ஓரம் தெளிவு, மறு ஓரம் மங்கல். எழுத்தும் எடுபடவில்லை. (கும்பகோணம்)

கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு, சில மி.மீ. இருந்தால் அதிகம். காசு லேசாகச் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் போய்விடும். கையில் பிடிக்காமல், இரண்டு பக்கமும் சம உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, போனை அவற்றின் மேல் படுக்கவைத்து, காசை நேர் கீழே தரையில் வையுங்கள். காசின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். டைமரில் 3 நொடி வைத்து எடுத்தால் விரல் பட்ட அதிர்வும் அடங்கிவிடும்.

எழுத்துக்கு வெளிச்சம்தான் மருந்து. மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் தேய்ந்த செப்பு தட்டையாகிவிடும். ஃபிளாஷை அணைத்து, ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு பள்ளத்தின் நிழல் நீளும்போது நாகரி எழுத்தில் உள்ள பெயரும், நிற்கும் உருவத்தின் கைகளும் தனித்தனியே எழும்பும். டார்ச்சைக் காசைச் சுற்றி நகர்த்தி நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும்.

போன் கேமராமேல் கவ்வி மாட்டும் கிளிப் லென்ஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காசுக்கு அது நல்ல துணை. 10 டயாப்டர் (லென்ஸின் சக்தியைச் சொல்லும் அளவு) லென்ஸ் மாட்டினால் போன் 10 செ.மீ.யில் இருப்பதைத் தூரத்துப் பொருளைப் பார்ப்பது போலவே ஃபோகஸ் செய்யும். முதன்மைக் கேமராவின் நேர் நடுவில் மாட்டுங்கள், தானாக லென்ஸ் மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மாமரத்து முசுறு எறும்பைப் படம் எடுக்கப் பார்க்கிறேன். ஃபோகஸ் ஆவதற்குள் ஓடிவிடுகிறது. (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

எறும்பைத் துரத்தாதீர்கள். அது நடக்கும் கிளையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, பட்டைமேல் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். முசுறு ஒரே தடத்தில் சாரை சாரையாகப் போகும், அடுத்தது அங்கேதான் வரும். அப்படியும் தவறினால் 4கே வீடியோ எடுத்து, நல்ல ஃபிரேமைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் 8 மெகாபிக்சல் இருக்கும். இரண்டு எறும்புகள் கொம்போடு கொம்பு தொட்டுக்கொள்ளும் நொடி இப்படித்தான் கிடைக்கும்.

கிட்டத்துப் படங்களுக்காகவே போன் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? (கோவை)

விளம்பரத்தில் மேக்ரோ என்ற சொல்லைப் பார்க்காதீர்கள். அல்ட்ராவைடு கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் உண்டா என்று கேளுங்கள். ஒரே வரிசையில்கூட வேறுபாடு உண்டு. ஐபோன் 13, 14, 15 சாதா மாடல்களில் அது இல்லை, 16இல் வந்துவிட்டது. பிக்சல் 7இல் இல்லை, 7 ப்ரோவில் உண்டு.

செலவழிக்க முடிந்தால் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும் டெலிஃபோட்டோவை (தூரத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாகக் காட்டும் லென்ஸை) தேடுங்கள், என் ஓட்டு அதற்குத்தான். ஷாவ்மி 13 ப்ரோ, 14 போன்றவற்றின் 75 மி.மீ. டெலிஃபோட்டோ 10 செ.மீ. வரை வரும். விவோ எக்ஸ்100 ப்ரோவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பூச்சியை மிரட்டாமல், நிழல் விழாமல், பின்னணி அழகாகக் கரைந்து எடுக்க அதற்கு இணையில்லை.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் புது பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, நோட்டில் இருக்கும் பொடி எழுத்துகளைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படிக்க முடிந்தால் பில் போடச் சொல்லுங்கள்.