அழகான நிலத்தைப் பார்க்க லடாக் வரைக்கும் போகத்தான் வேண்டுமா?

"இயற்கையை ரசிக்க வெகுதூரம் போகத்தான் வேண்டுமா, சொந்த ஊர்ப் பக்கம் பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் காசும் ஆபீசில் லீவும் இருந்தால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள் என்பதுதான் என் பதில். லடாக் போய்வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பக்கத்து நாங்குநேரி என் கண்ணில் பட ஆரம்பித்தது. கேட்கக் கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்குப் பக்கம். நெல்லையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வழி தெரிந்திருக்கும்: பனை, உடைமரம், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத குளங்கள், வள்ளியூர் தாண்டினால் வரிசை வரிசையாகக் காற்றாலைகள், மேற்கே கூடவே வரும் மலை. பெரும்பாலானவர்கள் அங்கே தூங்கிவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கே அது ஒரு "ஒண்ணுமில்லாத காடு"தான். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று எங்காவது பச்சையாக இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோமே தவிர, "வாங்க, எங்க பொட்டலைப் பார்த்துட்டுப் போங்க" என்று யாரும் சொன்னதில்லை. சினிமாக்காரர்களும் இப்படித்தான், டூயட் என்றால் ஊட்டி, அரிவாள் வெட்டு என்றால் எங்கள் ஊர்.

பச்சையாக இருந்தால்தான் அழகு என்ற இந்த நினைப்பு நம் எல்லோரிடமும் ஊறிப்போன ஒன்று. ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் மண்ணில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரும் பச்சையும் பெரிய விஷயம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. லடாக்கில் நடந்தது என்னவென்றால், அங்கே பச்சையே கிடையாது, அப்படியிருந்தும் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் பேசாமல் அறையில் படுத்துக்கிடக்க வேண்டும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தப் படுக்கையிலிருந்து ஜன்னல் வழியே பார்த்த மலைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு செடி கிடையாது. செடி இல்லாததால் கல்லின் நிறம் அப்படியே வெளியே தெரிகிறது. ஒரு சரிவு துருப்பிடித்த சிவப்பு, பக்கத்துச் சரிவு கத்தரிப்பூ நிறம், அதற்குப் பின்னால் சாம்பல், லாமாயூரு பக்கம் போனால் பழைய ஏரியின் அடியில் படிந்த வண்டல் மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து நிற்கிறது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள், அதற்கு முன் நடுவில் இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம்தான் மடிந்து மேலேறி இந்த மலைகளில் பல இடங்களில் கிடக்கிறது. வெயில் நகர நகர ஒரே மலை காலையில் ஒன்று, மூன்று மணிக்கு வேறொன்று, அந்தியில் இன்னொன்று. காடு மூடிய மலையில் இதைப் பார்க்க முடியாது.

சரி, ஏன் இவ்வளவு வறட்சி? தெற்கே இமயமலை நின்று பருவமழை மேகத்தை மறித்துவிடுகிறது. அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் இருப்பதில்லை. லேயில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை. மழைமறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வண்டியில் போகும்போது கூட வந்தவர் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊரும் அதேதானே! ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அடைமழை. இந்தப் பக்கம் மகேந்திரகிரி உச்சியில் மேகம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பணகுடியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், கீழே வந்து சேர்வது காற்றும் எப்போதாவது இரண்டு தூறலும்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அந்தக் காற்று பீய்ச்சிக்கொண்டு வருகிறது, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை, காற்றாலைகள் அங்கே குவிந்ததும் அதனால்தான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்தால்தான் உண்டு.

ஆக, நான் விமானம் ஏறிப் போய் வாயைப் பிளந்து பார்த்ததும், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்ததும் ஒரே காரணத்தால் உண்டான நிலங்கள். அளவிலும் உயரத்திலும் குளிரிலும் ஏணி வைத்தாலும் எட்டாது, அது வேறு விஷயம். ஆனால் இது தெரிந்த பிறகு பார்க்கிற விதம் மாறிவிடுகிறது. கல்லை, காற்றை, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதையெல்லாம் கவனிக்கத் தோன்றுகிறது. லடாக் கிராமங்களில் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் முறைவைத்துத் திறந்துவிட 'சுர்பொன்' என்று ஒருவரை ஊரே நியமிக்கும். எங்கள் பக்கத்து நீர்பாய்ச்சியேதான்! கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஊர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி ஏற்பாடுதான் செய்துகொள்கின்றன போல.

எங்கள் ஓட்டுநர் லேக்காரர், நடுவயது. திருநெல்வேலி என்றதும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கன்னியாகுமரிக்குப் பக்கம் என்றேன். உடனே, "கடல் இருக்குமே அங்கே? கடைசி வரைக்கும் தண்ணீர்தானா? எதிர்க்கரையே தெரியாதா?" என்று கேட்டார். உவரிக் கடற்கரையில் எடுத்த வீடியோ ஒன்று போனில் இருந்தது, காட்டினேன். மூன்று முறை போட்டுப் பார்த்தார். பாங்கோங், த்ஸோ மோரிரி ஏரிகளைத் தினமும் பார்க்கிற மனிதர், உவரிக் கடலைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார்.

இப்போது த்ஸோ மோரிரிக்கு வருகிறேன், ஏனென்றால் என் கதையில் முக்கியமான ஆள் அங்கேதான் இருக்கிறது. லேயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற உப்புச்சுவை ஏரி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002-இல் சேர்ந்தது. பாங்கோங் அளவுக்குக் கூட்டம் கிடையாது, சினிமாப் படத்தைக் காட்டிப் போட்டோ எடுக்க நாற்காலி போட்டு வைத்திருக்கும் தொல்லையும் இல்லை. கரையோரச் சதுப்பில் ஒரு கூட்டம் வாத்துகள் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். வரித்தலை வாத்து. இதை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றி, சட்டென்று பிடிபட்டது: கூந்தன்குளம்!

தெரியாதவர்களுக்கு: கூந்தன்குளம் நாங்குநேரி தாலுகாவில் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கிராமம், அதன் குளம்தான் பறவைகள் சரணாலயம். பக்கத்திலேயே காடன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் இதுவும் ராம்சார் இடமாகிவிட்டது. மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வடகிழக்கு மழையும் குளத்தை நிரப்பினால், மார்கழி, தை வாக்கில் இந்த வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். பகலில் குளத்து நடுவில் சும்மா மிதந்துகொண்டு, பொழுது சாய்ந்ததும் வயல்களுக்கு மேயப் போகும்.

த்ஸோ மோரிரியில் நான் பார்த்த அதே வாத்துதான் கூந்தன்குளத்துக்கு வருகிறது என்று சொல்ல மாட்டேன். இந்த இனம் திபெத், மங்கோலியா வரை முட்டையிடுகிறது, மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிட்ட சில வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த ஊர் வாத்தாக இருந்தாலும் நடுவில் இமயமலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்திருக்கின்றன. அந்த உயரத்தில் காற்று பாதியைவிடக் குறைவு, அதற்கேற்றாற்போல இவற்றின் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் கிடைக்கிற ஆக்சிஜனைச் சிக்கெனப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. இரண்டு மாடி ஏறி மூச்சிரைத்து உட்கார்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போய் பெரியப்பாவிடம் போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "ஏலே, இது நம்ம கல்குவாரி மாதிரில்லா இருக்கு! இதுக்காடே பிளேன்ல போன?" என்றார். வாத்துப் படம் வந்ததும் நின்றுவிட்டார். "இது நம்ம குளத்துக்கு வாரதுல்லா? அங்கயும் உண்டுமா?" அதன் பிறகு அரைமணி நேரம் அவர்தான் பேசினார். எந்த மாசத்தில் வரும், எந்த வருஷம் குளம் பெருகாமல் வராமலே போனது, சின்ன வயசில் எந்த மடைப் பக்கம் நின்று பார்த்தார்கள் என்று. மலை அவருக்குக் குவாரியாகத் தெரிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் அளவுக்கு ஒரு குளத்தை அறிந்த மனிதரை நான் சென்னையில் பார்த்ததில்லை.

கூந்தன்குளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அங்கே பறவைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை, ஊருக்குள்ளேயே தெருவோரத்து மரங்களிலும் கட்டுகின்றன. வீட்டு வாசலில் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு மீன் கக்கிக்கொண்டிருக்கும். மீன் நாற்றமும் எச்சமும் கொஞ்ச நஞ்சமல்ல, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஊர்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதால் கோடையில் அள்ளிக்கொண்டு போவார்கள், கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடுகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி என்பவரைப் 'பறவை மனிதர்' என்றே பத்திரிகைகள் எழுதின. லடாக்கில் நான் எத்தனையோ அழகைப் பார்த்தேன், இப்படி ஒரு தெருவைப் பார்க்கவில்லை.

அப்புறம் தேரி, அதாவது எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகள். லடாக்கின் நுப்ராவில் ஹுண்டர் மணல்மேடுகளைப் பார்க்க எல்லோரும் போவார்கள், இரட்டைத் திமில் ஒட்டகத்தில் ஏறுவார்கள், நானும்தான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மணல்மேடு என்று வந்தால் நான் எங்கள் பக்கத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட குதிரைமொழித் தேரி கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கிறது, மணல் அப்படி ஒரு சிவப்பு. மணல்துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் அந்த நிறம். மேலே சொன்னேனே, கணவாய் வழியே வரும் அதே தென்மேற்குக் காற்றுதான் மணலை வாரி வாரி மேடு போட்டு வைத்திருக்கிறது. நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனால், அந்தச் செம்மணலுக்குள் தண்ணீர் ஊறும் சுனை ஒன்று! திருச்செந்தூருக்கு வரும் கூட்டத்தில் கொஞ்சம் பேர் அய்யனாரைக் கும்பிட வருவார்கள், மணலைப் பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் வெகு சொற்பம்.

தூரத்தில் இருப்பதை ஒரு தடவை பார்ப்போம், அதுவும் யாரோ வகுத்துக் கொடுத்த பருவத்தில். பக்கத்தில் இருப்பதை மழைக்கு முன், மழைக்குப் பின், பறவை வராத வருஷம், காற்று அடிக்கிற மாசம் என்று எல்லாக் கோலத்திலும் பார்க்கலாம். காய்ந்து வெடித்த குளத்தையும் அது நிரம்பிய பிறகு வந்த வாத்தையும் பார்த்தவனுக்கு அதே வாத்து வேறு மாதிரி தெரியும். லடாக்கை அப்படித் தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பில்லை, அந்த ஓட்டுநருக்கு உண்டு.

போக நினைக்கிறவர்களுக்கு: கூந்தன்குளத்துக்கு நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம், தை முதல் பங்குனி வரை நல்லது. வரித்தலை வாத்துதான் வேண்டும் என்றால் பங்குனிக்குள் போய்விடுங்கள், கூடும் குஞ்சும் பார்க்க வேண்டும் என்றால் அதற்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள், மழை பொய்த்த வருஷம் போனால் மண்தான் இருக்கும். இருநோக்கி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், பாட்டுப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தேரிக்குக் காலை எட்டு மணிக்குள் அல்லது நாலு மணிக்கு மேல். மத்தியானம் அந்த மணலில் வெறுங்காலோடு இறங்கினால் கொப்புளம்தான். சித்திரை வாக்கில் போனால் வழியில் பதநீர் கிடைக்கும், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.