டிரேட்மார்க் வழக்கில் எதிர்த்தரப்பு கேட்கும் விவரங்கள் அனைத்தையும் தந்தாக வேண்டுமா?

உங்கள் மசாலாப் பொடியின் பெயரை ஒட்டியே பெயர் வைத்து விற்பவர் மீது வணிக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருப்பதாகவும், அவருடைய வக்கீல் 74 கேள்விகளை அனுப்பி, விவரம் கிடைத்த பிறகே எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்வோம் என்று எழுதியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிலவற்றை மட்டும் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

சென்னையில் இத்தகைய வழக்குகளை நடத்தி வருபவன் நான். ஊறுகாய் வியாபாரம் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவருக்கும் இப்படியொரு பட்டியல் வந்தது. முதல் லேபிளை அச்சிட்ட அச்சகம் எது, சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார், பெயரைக் கண்டு ஏமாந்த ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகவரி என்ன என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே அந்த அம்மா கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பரணிலிருந்து பில் புத்தகங்களை இறக்கி, கரையான் அரித்த தாள்களை மூன்று வாரம் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த உழைப்பில் பெரும்பகுதி தேவையற்றது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 2-இன்படி, வழக்குரையில் (வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் மனுவில்) முக்கியமான சங்கதிகளைச் சொன்னால் போதும். அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தை அங்கே எழுத வேண்டியதில்லை. கூடுதல் விவரம் கோர இடமளித்த விதி 5, 1999-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை. மோசடி போன்ற குற்றச்சாட்டைச் சொல்பவர் தேதியோடு விவரம் தர வேண்டும் என்ற விதி 4 மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏமாந்தவர்களின் பட்டியலைக் கேட்பதுதான் மிகவும் அநியாயம். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் பிரிவு 29 குழப்பம் ஏற்பட வாய்ப்பிருந்தாலே போதும் என்கிறது. அதே சின்னத்தை அதே பொருளுக்குப் பயன்படுத்தினால் குழப்பம் உண்டென்று நீதிமன்றமே அனுமானிக்க வேண்டும் என்று உட்பிரிவு 3 சொல்கிறது. ஆனால் பெயரை எந்த நாளிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வி நியாயமானது. முந்தைய பயன்பாட்டாளருக்குப் பிரிவு 34 பாதுகாப்பு அளிப்பதால், எதிராளியின் தற்காப்பே அந்தத் தேதியைப் பொறுத்திருக்கக்கூடும். உங்கள் வழக்குரையில் 'பல ஆண்டுகளாக' என்று மட்டும் இருந்தால், அதைத் திருத்திவிடுங்கள்.

மேலும், வணிக வழக்குகளுக்கான கட்டளை 11, விதி 2-இன்படி எழுத்து வினாக்களை (எதிர்த்தரப்பு பதில் தர வேண்டிய கேள்விகளை) அனுப்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வக்கீல் தாமாக எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அனுமதி பெற்றே வந்தாலும், தொல்லை தரவும் அலைக்கழிக்கவும் கேட்கப்பட்டவற்றை நீக்குமாறு 7 நாட்களுக்குள் மனுச் செய்யலாம்.

அவர்களுடைய கடிதத்தால் காலக்கெடு நிற்காது. சம்மன் எதிராளியிடம் சேர்ந்த (சார்வான) நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை வர வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து அவகாசம் தந்தாலும் 120 நாட்களைத் தாண்ட முடியாது, தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும். சம்மன் சார்வான தேதியை இன்றே கோப்பில் பார்த்து, நியாயமான நான்கைந்து கேள்விகளுக்கு மட்டும் பதிலளித்து, மற்றவை சாட்சிய விசாரணைக்கு உரியவை என்று உங்கள் வக்கீல் மூலம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.