சிறிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வைத்துக்கொண்டு, தெருவில் முன்பின் தெரியாதவர்களை அவர்கள் கவனிக்காதபடி படமெடுப்பது எப்படி?

கேமரா முகத்துக்கு ஏறி இறங்கும் நேரம்தான் எல்லாம். ஒரு விநாடிக்குள் முடிந்தால் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. நான்கு விநாடி ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டு நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே ஃபோகஸ், எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு), ஃபிலிம் சுற்றுவது மூன்றையும் கேமராவைத் தூக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் 35 மிமீ ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு, அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒட்டவைத்து ஃபோகஸ் செய்யும் கேமராவுக்கு. டிஜிட்டலில் மாறும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

லைக்கா எம் வரிசை கையில் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை. 1970களில் ஜப்பானில் செய்த, லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராக்களே இந்த வேலைக்குப் போதும். ஒலிம்பஸ் 35 ஆர்சி (1970, 42 மிமீ எஃப் 2.8), கேனனெட் ஜி3 க்யூஎல்17 (1972, 40 மிமீ எஃப் 1.7), ஒலிம்பஸ் எக்ஸ்ஏ (1979, 35 மிமீ எஃப் 2.8, சுமார் 225 கிராம்). மூன்றிலும் லென்ஸோடு சேர்ந்த இலை ஷட்டர். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் போலக் கண்ணாடி எகிறி அடிக்கும் சத்தம் கிடையாது, படம் விழும் கணத்தில் வியூஃபைண்டர் இருட்டாவதும் கிடையாது. வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் (ஃபிரேம்) கோட்டுக்கு வெளியே யார் வருகிறார் என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். சத்தம் போடுவது ஷட்டரைவிட ஃபிலிம் சுற்றும் பல்சக்கரம்தான், அதிலும் எக்ஸ்ஏ-வின் கட்டைவிரல் சக்கரம் கரகரக்கும். பஸ் போகும்போதோ, பத்தடி தள்ளி வந்த பிறகோ சுற்றுங்கள்.

இனி ஃபோகஸ். ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிவிட்டு, பிம்பங்களை ஒட்டவைக்க வியூஃபைண்டரின் நடுவிலுள்ள மஞ்சள் கட்டத்தைப் பகலில் பார்க்காதே என்றால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் தெருவில் அதுதான் வழி. லென்ஸை ஒரு தூரத்தில் வைத்துவிட்டு, அந்தத் தூரத்துக்கு ஆள் வரும்போது அழுத்துவது. எஃப் எண் கூடக் கூட அப்பெர்ச்சர் எனும் லென்ஸ் துளை சிறுக்கும், கூர்மையாக விழும் பட்டை நீளும். 35 மிமீ லென்ஸை 2.5 மீட்டரில் வைத்து எஃப் 8-இல் எடுத்தால் சுமார் 1.7 மீட்டர் முதல் 4.8 மீட்டர் வரை கூர்மையாக விழும். எஃப் 16 என்றால் 1.3 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை. 40 மிமீ லென்ஸில் அதே 2.5 மீட்டர், எஃப் 8-க்கு 1.8 முதல் 4 மீட்டர்தான் கிடைக்கும். 5 மிமீ வித்தியாசம் பின்பக்கத்தில் எவ்வளவு தின்றுவிடுகிறது பாருங்கள். எக்ஸ்ஏ-வில் 3 மீட்டரும் எஃப் 5.6-உம் ஆரஞ்சு நிறத்தில் குறித்திருப்பார்கள். அந்த ஜோடி 2.1 முதல் 5 மீட்டர் வரை பிடிக்கும். நெருங்கி எடுப்பவருக்கு அது போதாது, எஃப் 8-க்கு மூடிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நெகட்டிவில் 0.03 மிமீ கலங்கலைக் கூர்மை என்று ஒத்துக்கொண்டு போட்டது. டிஜிட்டல் சென்சார் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது போதாது. லென்ஸ் எஃப் 8-இல் இருந்தாலும் தூர அளவுகோலில் எஃப் 4 கோடுகளுக்கு இடையில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

2.5 மீட்டரைக் கண்ணால் அளக்கத் தெரியாவிட்டால் சட்டமே அளந்து சொல்லும். 35 மிமீ லென்ஸில் கேமராவைப் படுக்கவாட்டில் பிடித்தால், 2.5 மீட்டர் தூரத்தில் சட்டத்தின் உயரம் சுமார் 1.7 மீட்டர். அதாவது நிற்கும் ஆள் உச்சி முதல் பாதம் வரை சட்டத்தை நிரப்பினால் அவர் சரியான தூரத்தில் இருக்கிறார். இடுப்புக்கு மேல் மட்டும் நிரம்பினால் 1.25 மீட்டருக்கு வந்துவிட்டார், எஃப் 8-இல் முகம் கலங்கும். அப்போது அழுத்தாமல் விட்டுவிடுவதே நல்லது. வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, தூரத்தை வாயால் சொல்லிவிட்டு டேப்பால் அளந்து பார்த்தால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

நின்று எடுங்கள். எதிரே வருபவர் விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நடக்கிறார். நீங்கள் நின்றால் 1.7 முதல் 4.8 வரையான அந்தப் பட்டையை அவர் கடக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். நீங்களும் எதிர்நடை போட்டால் ஒரு விநாடிதான். நடந்துகொண்டே எடுப்பவர்களின் ரோல்களில் ஃபோகஸ் தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். அதனால் வெளிச்சமும் பின்னணியும் நன்றாக இருக்கும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றுவிடுங்கள். ரங்கநாதன் தெரு போன்ற இடத்தில் ஓரமாக நிற்பவரைச் சில நிமிடங்களில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆட்கள் தாமாகச் சட்டத்துக்குள் வருவார்கள், துரத்த வேண்டியதில்லை.

மஞ்சள் கட்டத்துக்கு வேலை வருவது இருட்டில். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 2.8-க்குத் திறந்தால், 2 மீட்டரில் 35 மிமீ லென்ஸுக்கு 1.75 முதல் 2.3 மீட்டர் வரைதான் கிடைக்கும். இரண்டு சாணுக்குச் சற்று மேல். இங்கே ஊகம் நிற்காது. ஆனால் ஆளை நோக்கி ஃபோகஸ் செய்யாதீர்கள். அவர் இருக்கும் அதே தூரத்தில் வேறு பக்கம் உள்ள தூண், பைக், கல்லாப்பெட்டி எதையாவது பார்த்துக் கட்டத்தின் இரண்டு பிம்பங்களையும் ஒட்டவைத்து, பிறகு திரும்பி எடுங்கள். செங்குத்துக் கோடுள்ள பொருள் என்றால் பிம்பம் சட்டென்று ஒட்டும். ஷட்டர் வேகம் 1/60 விநாடிக்குக் கீழே போனால் டீ ஆற்றும் கை கரைந்துவிடும், அது வேண்டும் என்றால் சரி.

எக்ஸ்போஷருக்கு ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) ஃபிலிம் ஒன்றே போதும். வெட்டவெயிலில் 1/500, எஃப் 16. மூடிய வானம் 1/500, எஃப் 8. கட்டட நிழலில் 1/250, எஃப் 8. கடைகளின் தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) திறக்க வேண்டும். இந்தக் கேமராக்களின் உச்ச வேகம் 1/500 என்பதால் ஐஎஸ்ஓ 800 போட்டால் நடுப்பகலில் மாட்டிக்கொள்வீர்கள். குறுக்கே நடப்பவரை 2.5 மீட்டரில் 1/250-இல் எடுத்தால் நெகட்டிவில் 0.08 மிமீ இழுபடும், 1/500-இல் 0.04. ஆகவே குறுக்கே போகிறவருக்கு 1/500, எதிரே வருபவருக்கு 1/250.

ஆட்டோ எக்ஸ்போஷரில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. கேனனெட்டும் 35 ஆர்சியும் நீங்கள் வேகத்தை வைத்தால் அப்பெர்ச்சரைத் தாமே தேர்ந்தெடுக்கும். வெயிலிலிருந்து நிழலுக்குள் ஆள் நுழைந்ததும் லென்ஸ் எஃப் 16-இலிருந்து எஃப் 5.6-க்குத் திறந்துகொள்ளும், நீங்கள் நம்பியிருந்த கூர்மைப் பட்டை அத்தோடு சுருங்கிவிடும். தூரத்தை முன்கூட்டி வைத்து எடுப்பதென்றால் இவற்றில் அப்பெர்ச்சரைக் கையால் வையுங்கள். கையால் வைக்கும்போது லைட் மீட்டர் வேலை செய்யாது, அதனால்தான் மேலே சொன்ன எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். எக்ஸ்ஏ-வில் அப்பெர்ச்சர் நீங்கள் வைப்பது, வேகம் கேமராவுடையது. இந்தப் பொறி அதில் இல்லை. ஆனால் அதன் ஒளிக்கண் லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்து வானத்தையும் சேர்த்து அளக்கும். உச்சிவெயிலில் மாநிற முகம் கருத்துப்போகும். அடியிலுள்ள பின்னொளி நெம்புகோலை இழுத்தால் ஒன்றரை ஸ்டாப் கூடும். அல்லது 400 ஃபிலிமை 200 என்று வைத்துவிடுங்கள், கறுப்பு வெள்ளை ஃபிலிம் தாங்கும்.

கையாள்வதைப் பற்றி. கழுத்தில் தொங்கவிடாமல் மணிக்கட்டுப் பட்டையில் மாட்டி உள்ளங்கையில் அடக்கிக்கொள்ளுங்கள். பழைய தோலுறை வேண்டாம், அதன் பொத்தானைத் திறக்கும் சத்தமே ஆளைத் திருப்பும். ஒரே அசைவில் கண்ணுக்கு ஏற்றி அழுத்துங்கள். அழுத்தியதும் படக்கென்று இறக்கக் கூடாது, திருட்டுத்தனமாகத் தெரிவது அந்த அசைவுதான். ஒரு விநாடி அப்படியே வைத்துக்கொண்டு, அவர் நகர்ந்த பிறகும் பின்னாலிருக்கும் கட்டடத்தையே பாருங்கள். எடுத்தது அதைத்தான் என்று நினைத்துப் போய்விடுவார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளப்பைக் கருப்பு டேப்பால் மறைத்தார் என்பதைப் படித்துவிட்டுப் பலர் டேப் ஒட்டுகிறார்கள். இன்று அது தேவையில்லை. வெள்ளிநிறப் பழைய கேமராவைப் பார்த்தால் தாத்தா காலத்துப் பொருள் என்று சிரிக்கிறார்களே தவிர முறைப்பதில்லை. செல்போனைக் கண்டால்தான் இப்போது எச்சரிக்கையாகிறார்கள்.

இடுப்பளவில் வைத்துப் பார்க்காமல் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்கலாம். ஒரு மீட்டர் உயரத்தில் கேமரா மட்டமாக இருந்தால், 2.5 மீட்டரில் நிற்பவர் பாதம் தவிர முழுதாக விழுவார். பத்து டிகிரி மேலே சாய்ந்தால் சட்டம் 44 செமீ ஏறிவிடும், கால் போய்விடும். ஆனால் பிடித்தமான பழக்கம் அல்ல. முகவாயும் மூக்குத்துவாரமும்தான் அதிகம் கிடைக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் காண்டாக்ஸ் கேமராவை மறைத்து, பொத்தான் இடுக்கில் லென்ஸை நீட்டி, சட்டைக் கைக்குள் ஓடிய கேபிளால் எடுத்தார். எதிரிருக்கையில் அசையாமல் உட்கார்ந்தவர்கள், மாறாத தூரம், அதனால் அது நடந்தது. அந்தப் படங்கள் நூலாக வந்தது 1966-இல்தான். ஒளிந்து எடுத்ததை வெளியிடுவது பற்றி அவருக்கே நெருடல் இருந்தது. நம் தெருவில் இதைச் செய்து பிடிபட்டால் விளக்கம் சொல்ல முடியாது, கண்ணருகே வைத்து எடுத்தவருக்கு முடியும்.

பார்த்துவிட்டால் சிரியுங்கள், நீங்களாகப் பேசுங்கள். "அண்ணே, வெளிச்சம் உங்க மேல நல்லா விழுந்துச்சு, அதான் எடுத்தேன்" என்பதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. "அழி" என்பார்கள். ஃபிலிமில் அழிக்க முடியாது, கேமராவின் முதுகைத் திருப்பித் திரை இல்லை என்று காட்டுங்கள். யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொன்னால் ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு அப்படியே செய்யுங்கள். குழந்தைகளைப் பெற்றவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். குளிக்குமிடம், மருத்துவமனை, சாவுவீடு இவற்றில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். பெண்களின் அந்தரங்கச் செயல்களைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். ஜெர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஒருவரது உருவப்படத்தை வெளியிடச் சம்மதம் வேண்டும் என்பது 1907-ஆம் ஆண்டுச் சட்டம், விதிவிலக்குகள் சில உண்டு.

பழைய கேமராவின் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். கேனனெட்டும் 35 ஆர்சியும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தவை, அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் லைட் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்துக்குள் வைத்துப் போட்டால் வோல்ட்டேஜ் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், சில வாரம் வரும். பேட்டரி இல்லாமலும் இந்த இரண்டும் கையால் வைத்த அளவில் ஓடும். எக்ஸ்ஏ ஓடாது, இரண்டு எஸ்ஆர்44 எப்போதும் பையில் இருக்கட்டும். பின்மூடியின் பஞ்சு ஒட்டுப்பசையாகிக் கரைந்திருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்துப் புதிது ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். லென்ஸ் மூடியைத் தெருவில் போடவே வேண்டாம். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடியோடு எடுத்தாலும் தெரியாது. ஆட்டோவில் ஷட்டர் பூட்டிக்கொண்டு காப்பாற்றும், கையால் வைத்திருந்தால் அதுவும் இல்லை. லைக்கா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எதிர் அறிவுரை. துணி ஷட்டர் உள்ள எம் கேமராவை மூடி இல்லாமல் சூரியனைப் பார்க்கத் தொங்கவிட்டால் துணியில் ஓட்டை விழும்.

ரோல் டெவலப் ஆகி வந்ததும் நெகட்டிவை லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பாருங்கள். முகம் கலங்கிப் பின்சுவர் கூர்மையாக இருந்தால் நினைத்ததைவிட நெருங்கிவிட்டீர்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் இதுதான் வரும், அடுத்த ரோலுக்கு 2 மீட்டரில் வையுங்கள். சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் வேகம் போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தியிருக்கிறீர்கள். கட்டத்தில் ஒட்டவைத்து எடுத்ததும் ஒழுங்காகத் தவறினால் கேமராவில் கோளாறு. தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்து வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்தால் இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ இடித்து ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திருத்த வேண்டும்.