பூனைக்குச் சர்க்கரை நோய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 11 வயது. கருத்தடை செய்தது, நல்ல குண்டு. சில வாரங்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. நிறையச் சாப்பிடுகிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு சர்க்கரை நோய் என்கிறார் மருத்துவர். பயத்தில் ஏறியிருக்கும், நம்பாதே என்கிறார் ஒரு தோழி. யார் சொல்வது சரி? எத்தனை நாள் தாங்கும்?

பதில்: தோழி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கூடையில் அடைத்து, முன்பின் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய், நாலு பேர் பிடித்து அமுக்கினால் நோயே இல்லாத பூனைக்கும் சர்க்கரை 300ஐத் தொடலாம். அதனால்தான் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டுவதில்லை. ஃப்ரக்டோசமைன் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை பொதுவாக எந்த அளவில் இருந்தது என்பதை அது காட்டும், அன்றைய பதற்றம் அதைப் பெரிதாக மாற்றாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மருத்துவர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டியதும் (பூனைக்கு ஏறத்தாழ 270) சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அவ்வளவு தாகம். உடம்புக்குள் சர்க்கரை குவிந்து கிடந்தும் செல்களுக்குப் போய்ச் சேராததால், பூனை தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் நாளை ஓட்டுகிறது. வயது, எடை, கருத்தடை செய்த ஆண் என்று உங்கள் பூனைக்கு எல்லாமே பொருந்துகிறது. தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ சமீபத்தில் ஸ்டீராய்டு கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும், கொடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் நன்றாக வாழும் பூனைகள் ஏராளம். சீக்கிரமே கண்டுபிடித்து சிகிச்சையைத் தொடங்கினால், சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வருபவையும் உண்டு. நாய்களுக்கு இந்த வாய்ப்பு அரிது, பூனைகளுக்கு உண்மையாகவே இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தினமும் இரண்டு வேளை ஊசி என்றதும் கை நடுங்குகிறது டாக்டர். அதற்கு வலிக்காதா? என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்துவிடுமோ? மாத்திரை ஏதும் இல்லையா?

பதில்: இந்தப் பயம் எல்லோருக்கும் வருவதுதான், ஒன்றிரண்டு வாரங்களில் போய்விடும். இன்சுலின் ஊசி அவ்வளவு மெல்லியது, பல பூனைகள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது போட்டால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. சாப்பாட்டை வையுங்கள், அது சாப்பிடத் தொடங்கட்டும். விலாப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கூடாரம் போலத் தூக்குங்கள், கூடாரத்தின் அடிவாரத்தில் ஊசியை நுழைத்து அழுத்துங்கள், எடுங்கள். அவ்வளவுதான். பிடரியிலும் போடலாம், ஆனால் தினமும் ஒரே இடத்தில் வேண்டாம். முடித்ததும் அந்த இடத்து முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்து மருந்து வாடை அடித்தால், ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்து மருந்து வெளியே போயிருக்கிறது. அப்போது எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு மறுபடி போடவே கூடாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு வழக்கமான அளவைப் போடுங்கள். ஒரு வேளை சர்க்கரை கூடினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரட்டை அளவு போனால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினும் உண்டு, 100 யூனிட் இருக்கும் இன்சுலினும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்ச் தனி. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் எடுத்தால், நீங்கள் ஒரு யூனிட் என்று நினைப்பது இரண்டரை யூனிட்டாகிவிடும். கடையில் எதைக் கொடுத்தாலும் பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். இன்சுலின் ஃபிரிட்ஜில்தான் இருக்கவேண்டும், ஃப்ரீசரில் உறைந்துபோனால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாய்வழி மருந்தும் வந்திருக்கிறது. பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும் கிடைத்தது. அதிகப்படியான சர்க்கரையை இவை சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் ஏற்கனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு இவை சரிப்படாது, கொடுப்பதற்கு முன் சிறுநீரகம், கல்லீரல், கணையம் எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும். இந்த மருந்துகளைக் கொடுக்கும்போது, ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டினாலும் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறி பூனை அபாயத்துக்குப் போய்விடலாம். ஊசிக்குப் பயந்து மட்டும் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: சாப்பாட்டை மாற்றினாலே சர்க்கரை குறையும் என்கிறார்களே, இன்றிலிருந்து டிரை ஃபுட்டை நிறுத்திவிடட்டுமா?

பதில்: மாற்றுவது நல்லது, ஆனால் இன்றே வேண்டாம். பூனை மாமிசம் தின்னப் பிறந்தது. மாவுச்சத்தை வாங்கிச் செலவழிக்கும் வசதி அதன் கல்லீரலில் குறைவு. டிரை ஃபுட்டில் பெரும்பாலும் மாவுச்சத்து கூடுதல். புரதம் அதிகமும் மாவுச்சத்து குறைவும் உள்ள வெட் ஃபுட்டுக்கு மாறினால் சர்க்கரை உண்மையாகவே இறங்கும். சிக்கலும் அதில்தான். பழைய சாப்பாட்டுக்காகக் கணக்கிட்ட இன்சுலினை அப்படியே போட்டுக்கொண்டு புதுச் சாப்பாட்டுக்குத் தாவினால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள், அப்புறம் மெதுவாக மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் உணவுக் கணக்கு வேறு.

குண்டாக இருக்கிறதே என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், அது சர்க்கரையைவிட வேகமாகக் கொல்லும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 6 கிலோ பூனை என்றால் 60 கிராம் குறைந்தால் போதும்.

கேள்வி: நேற்று ஊசி போட்ட சில மணி நேரத்தில் எங்கள் பூனை தள்ளாடி விழுந்தது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டது. இது என்ன?

பதில்: சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அடுத்த ஊசிக்கு முன்னால் உங்கள் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள், பழைய அளவை அப்படியே போடாதீர்கள். மறுபடி இப்படி ஆனால், நினைவோடு இருந்து சாப்பிட முடிந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். சாப்பிடவில்லை என்றாலோ வலிப்பு வந்தாலோ, தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றவேண்டாம், புரையேறிவிடும். வலிப்பில் இருக்கும்போது பல்லுக்கு நடுவில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனென்றால் தேன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும்.

ஊசி நேரத்தில் பூனை சாப்பிடவே இல்லை என்றால் கேட்காமல் போடாதீர்கள். சாப்பிடாமல், வாந்தியும் எடுத்து, சுருண்டு கிடந்தால் அது வேறு அவசரம். கீட்டோன் ஏறியிருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம்.

கேள்வி: மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் வீட்டிலேயே பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். பூனை ரத்தத்தில் அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்குகளுக்கென்று அளவு திருத்திய மீட்டர் கிடைத்தால் நல்லது. காது ஓரத்தை வெதுவெதுப்பான துணியால் சற்று நேரம் ஒற்றிவிட்டுக் குத்தினால் ஒரு சொட்டு எளிதாக வரும். தோலில் ஒட்டி 14 நாள் வரை அளவு காட்டும் சென்சாரும் பூனைகளுக்குப் பயன்படுகிறது. எதில் பார்த்தாலும் அளவை எழுதி வையுங்கள், ஒரே ஒரு முறை கூடுதலாகக் காட்டிவிட்டது என்று நீங்களாக இன்சுலினைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி நடக்கிறது. இனி குதிக்கவே குதிக்காதா?

பதில்: சர்க்கரை நரம்பைப் பாதிப்பதால் வருவது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மெல்ல மெல்லச் சரியாக வாய்ப்பு உண்டு, மாதங்கள் ஆகலாம். அதுவரை தாழ்வான இடத்தில் படுக்கையும் ஓரம் உயரமில்லாத மண் தட்டும் வையுங்கள்.

கேள்வி: இன்சுலின் வேண்டாம், சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி பழையபடி விட்டுவிடலாமா?

பதில்: ரொம்ப சந்தோஷம், உங்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன் இது. ஆனால் நோய் ஒதுங்கியிருக்கிறதே தவிர போய்விடவில்லை, திரும்பி வரலாம். அதே சாப்பாடு தொடரட்டும், எடையைக் கவனியுங்கள், அவ்வப்போது சர்க்கரையைப் பாருங்கள். பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று என்று எது வந்தாலும் உடனே வைத்தியம் செய்யுங்கள். தாகம் மறுபடி கூடினால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். வேறு மருத்துவரிடம் வேறு எதற்குக் கொண்டுபோனாலும், அவர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இதற்குச் சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டு வேண்டாம், வேறு வழி இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.