ஃபால்சிபாரம் மலேரியா ரத்த ஸ்லைடில் வளையம் மட்டும் தெரிகிறதே, சாயம் கெட்டுவிட்டதா?

சாயத்தைக் குறை சொல்லாதீர்கள். ஃபால்சிபாரம் மலேரியாவில் ஒட்டுண்ணியின் இளம் வளைய நிலை மட்டும் தெரிவதும், முதிர்ந்த நிலைகளான ட்ரோபோசோயிட், ஸ்கைசான்ட் கண்ணில் படாததும் வழக்கம்தான்.

ஒட்டுண்ணி தான் குடியிருக்கும் சிவப்பணுவையே மாற்றிவிடுகிறது. 48 மணி நேரச் சுழற்சியில் பாதி நெருங்கும்போது, அணுவின் மேல் சின்னச் சின்ன முண்டுகளை எழுப்பி, அவற்றில் பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தை நிறுத்தும். அப்புறம் அந்த அணு நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பழுதான அணுக்களை வடிகட்டும் மண்ணீரலிடம் சிக்காது. பலே கில்லாடி! விரல்நுனி ரத்தத்தில் முதிர்ந்தவை எப்படி வரும்?

சந்தேகம் தீர, அதே ஜீம்சா சாயத்தில், இன்னொரு மலேரியா வகையான வைவாக்ஸ் ஸ்லைடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அமீபா மாதிரி பரந்த ட்ரோபோசோயிட் தெரிந்தால் சாயம் சரி.

ஸ்லைடில் ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைவு என்று மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ஒட்டிக்கொண்டவை கணக்கில் வராது. ஸ்கைசான்ட் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நோய் முற்றியிருக்கலாம்.