பெனிடார்மில் மீனவ ஊர் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்ச் மாதம் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். பயண ஏஜென்ட் பெனிடார்மில் இரண்டு நாள் போட்டிருக்கிறார். பழைய மீனவக் கிராமம் என்று படித்தேன், படங்களிலோ வெறும் அடுக்குமாடிகள். பணம் ஒரு ஊரையே விழுங்கிவிட்டதோ என்று மனசு கேட்கவில்லை. போகத்தான் வேண்டுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அவசியம் போங்கள். ஆனால் வலை உலர்த்தும் அமைதியான கிராமம் ஒன்று அங்கே இருந்து, அதைக் கட்டடங்கள் அழித்தன என்று நினைக்க வேண்டாம்.

அவ்வூர்க்காரர்களின் பெருமை அல்மத்ராபா என்ற மீன்பிடி முறை. வசந்தத்தில் முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் வரும் ஆளுயரச் சூரை மீன்களை, நங்கூரமிட்டு நிறுத்திய வலைச்சுவர்களால் மறித்து, அறை அறையாக ஓட்டிக் கடைசி அறையில் பிடிப்பார்கள். எந்த நீரோட்டத்துக்கு வலையை எப்படிக் கட்டுவது என்று அறிந்த தலைவனுக்கு அர்ராயெஸ் என்று பெயர். தென் ஸ்பெயினின் அண்டலூசியா முதல் வட ஆப்பிரிக்கா வரை அந்த வேலைக்குப் பெனிடார்ம் ஆட்களைத் தேடி அழைத்தார்கள். வேறு பலர் சரக்குக் கப்பல்களில் போனார்கள். வருஷத்தில் பல மாதம் வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் ஊரின் சொந்த அல்மத்ராபாவும் நின்றுபோனது.

உயரமான கட்டடங்கள் அதற்கு அப்புறம்தான் வந்தன. மேயர் பெட்ரோ சரகோசா காலத்தில், 1956இல், ஊர் முழுவதற்கும் அகலத் தெருக்களோடு திட்டம் போட்டார்கள். 1963இல் உயரக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். அது நல்ல முடிவு என்பேன். அந்தக் கரையில் மற்ற இடங்களில் தனி வீடுகளும் நீச்சல் குளங்களுமாக மலைச்சரிவுகளையே மூடிவிட்டார்கள். இங்கே கட்டடம் மேலே போனதால் தரை மிஞ்சியது, அறையிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். தண்ணீர்தான் பெரிய பாடு. 1978 வறட்சியில் கப்பலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்கும் வருத்தம் உண்டு, அர்ராயெஸ்களின் கடலறிவை நினைத்து. அதைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

சரி, பார்க்க வேண்டியவை. நீலக் குவிமாடங்கள் கொண்ட சான் ஹைமே தேவாலயத்தைச் சுற்றித்தான் பழைய ஊர். டிராமில் ஏறினால் பக்கத்திலேயே வில்லாஹோயோசா. அங்கே இன்றும் மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. சனி, ஞாயிறு வேண்டாம், வாரநாள் மாலையில் போனால் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம்.

நீங்கள் போவது மார்ச் என்பதால் இன்னொன்று. 1740 மார்ச்சில் ஆளில்லாத கப்பல் ஒன்று ஒதுங்கியதாம். கொள்ளைநோய்க்குப் பயந்து அதைக் கொளுத்த, சாம்பலில் மாதா சிலை மட்டும் கருகாமல் கிடந்ததாம். மாத நடுவில் அதைக் கடற்கரையிலேயே நடித்துக் காட்டுவார்கள். தேதியை ஹோட்டலில் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.